கைக்குழந்தையோடு இருக்கும் அம்மா கோடிங் கற்றுக்கொண்டு, தன் வசதிப்படி வேலை செய்ய முடியுமா?

முடியும். என் மகளுக்கு இரண்டு வயது இருக்கும்போது தொடங்கினேன். முதல் சம்பாத்தியம் கைக்கு வர ஒன்றரை வருடம் ஆனது. அதனால் "மூன்றே மாதத்தில் வேலை" என்று சொல்லும் விளம்பரங்களைப் பார்த்து நாள் குறித்துவிடாதீர்கள்.

எனக்குப் பாடம் கஷ்டமாக இல்லை. பாதியில் எழுந்து போவதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு ஃபங்ஷன், அதாவது புரோகிராமில் ஒரு வேலையைச் செய்யும் பகுதி, எப்படி ஓடுகிறது என்று மனத்துக்குள் பிடித்து வைத்திருப்பேன், அதற்குள் குழந்தை அழும். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால் நானே எழுதிய வரி யாரோ எழுதியதுபோல இருக்கும். முதல் இரண்டு மாதம் பெரும்பாலும் விட்ட இடத்தைத் தேடுவதிலேயே போனது.

அப்புறம் ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டேன். எழுந்திருப்பதற்கு முன்னால் புரோகிராமுக்குள்ளேயே ஒரு கமென்ட், அதாவது கணினி கண்டுகொள்ளாத ஒரு குறிப்பு, எழுதிவிடுவேன்: "அடுத்து இந்த இடத்தில் தேதி காலியாக இருந்தால் என்ன ஆகும் என்று பார்க்கணும்." அவ்வளவுதான். திரும்பி வந்ததும் அந்த ஒரு வரியிலிருந்து தொடங்கலாம். கூடவே கிட் கற்றுக்கொண்டேன். எழுதியதை நிலை நிலையாகச் சேமித்து, பழைய நிலைக்குத் திரும்ப உதவும் கருவி அது. பல பாடத்திட்டங்களில் அது கடைசியில்தான் வரும். குழந்தை வைத்திருப்பவர்கள் முதல் மாதமே கற்றுக்கொள்வது நல்லது. சின்னச் சின்னதாக கமிட் செய்து, அதாவது அப்போதைய நிலையைச் சேமித்து வைத்தால், குட்டி விரல்கள் கீபோர்டில் விளையாடிய பிறகும் நேற்றைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.

வேலையையும் இரண்டாகப் பிரித்தேன். குழந்தை விழித்திருக்கும் நேரம் நோட்டுப் புத்தகமும் பேனாவும். பக்கத்தின் அமைப்பை வரைவது, "இப்படி இருந்தால் அப்படி" என்று படிகளை எழுதிப் பார்ப்பது. அவள் தூங்கிய பிறகு லேப்டாப். இது புதிய வழி ஒன்றுமில்லை. பிரிட்டனில் ஸ்டெஃபனி ஷெர்லி 1962-இல் ஃபிரீலான்ஸ் புரோகிராமர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியதே, குழந்தை பிறந்து வேலையை விட்ட பெண்களுக்கு வீட்டிலிருந்து வேலை கொடுக்கத்தான். வீட்டில் கணினி இல்லாத காலம் அது. அவர்கள் தாளில்தான் புரோகிராம் எழுதினார்கள். கான்கார்டு விமானத்தின் கருப்புப் பெட்டிக்கான புரோகிராமும் அந்த நிறுவனம் செய்ததுதான். அதைப் படித்த அன்று எனக்குப் பெரிய தெம்பு வந்தது. நான் அரைகுறையாகக் கற்கிறேன் என்ற எண்ணம் அன்றோடு போயிற்று.

எதைக் கற்பது என்றால், இணையப் பக்கத்தின் அமைப்புக்கு ஹெச்டிஎம்எல், தோற்றத்துக்கு சிஎஸ்எஸ், பிறகு பக்கத்தை இயங்க வைக்க ஜாவாஸ்கிரிப்ட். எழுதிய உடனே பிரவுசரில் கண்ணுக்குத் தெரியும். இருபது நிமிடம்தான் கிடைக்கிறது என்றாலும் ஏதாவது ஒன்று முடிந்திருக்கும். கணக்கு, தரவு பிடிக்கும் என்றால் பைத்தான் என்ற புரோகிராம் மொழி. ஃப்ரீகோட்கேம்ப் என்ற கற்றல் தளமும், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 என்ற கணினி அறிமுகப் பாடமும் இலவசம். முதல் ஆறு மாதம் பணம் கட்டிப் படிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. ஒன்றை எடுத்தால் அதையே முடியுங்கள்.

டுடோரியல் மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தால் புரிந்ததுபோல இருக்கும், தனியாக எழுத உட்கார்ந்தால் கை ஓடாது. உங்கள் வீட்டுக்குத் தேவையான ஒன்றைச் செய்யுங்கள். நான் மகளின் தடுப்பூசித் தேதிகளைக் கணக்கிடும் ஒரு சின்னப் பக்கம் செய்தேன். பிறந்த தேதியைக் கொடுத்தால் எல்லாம் ஒரு மாதம் தள்ளி வந்தது. மூன்று இரவு தேடினேன். ஜாவாஸ்கிரிப்டில் மாதத்தை எண்ணாகக் கொடுக்கும்போது ஜனவரி 1 இல்லை, 0. நான் 3 என்று கொடுத்தது அதற்கு ஏப்ரல். அந்த மூன்று இரவில் எரர் எதுவும் வராத தப்பை எப்படித் தேடுவது என்று கற்றேன்: ஒவ்வொரு படியிலும் மதிப்பை கன்சோலில், அதாவது பிரவுசரில் புரோகிராமரின் செய்திகளைக் காட்டும் பகுதியில், அச்சிட்டுப் பார்ப்பது. இன்றுவரை எனக்குச் சோறு போடுவது அந்தத் திறமைதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தூக்க நேரத்தை மட்டும் நம்பினால் உடம்பு தாங்காது. எனக்கு நான்காவது மாதமே முடியாமல் போனது. வாரத்தில் இரண்டு நாள், இரண்டு இரண்டு மணி நேரம், குழந்தையை வேறு ஒருவர் முழுப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். கணவரோ, அம்மாவோ, யாராக இருந்தாலும் சரி. அதைக் கேட்டு வாங்குங்கள். புதிதாக ஒரு விஷயம் புரிய வேண்டும் என்றால் இடையில் அறுபடாத நேரம் வேண்டும்.

கோடிங் வேலை எல்லாமே நம் வசதிக்கு வளையும் என்றும் நினைக்காதீர்கள். நள்ளிரவில் சர்வர் விழுந்தால் எழுந்து பார்க்க வேண்டிய ஆன்-கால் வேலை உண்டு. நாள் முழுக்க மீட்டிங் ஓடும் வேலை உண்டு. புதிதாகச் சேர்பவரைப் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருப்பதால், முதல் வேலையிலேயே நேரச் சலுகை கிடைப்பதும் அரிது. எனக்கு ஒத்துவந்தவை ஏற்கெனவே இருக்கும் தளங்களைப் பராமரிப்பது, படிவங்களில் பிழை திருத்துவது, புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று தானாகச் சோதிக்கும் டெஸ்ட் எழுதுவது. மாலைக்குள் வேண்டும் என்பார்களே தவிர, இந்த நிமிடமே வேண்டும் என்று பெரும்பாலும் கேட்க மாட்டார்கள்.

இப்போது புதிதாக யாராவது வேலை கொடுக்க வந்தால், கூலி பேசுவதற்கு முன்பே முதல் மெயிலில் இதை எழுதிவிடுகிறேன்: காலை ஒன்பதரை முதல் ஒன்று வரை பேசலாம், மற்ற நேரம் எழுத்தில் கேளுங்கள், அன்று இரவுக்குள் பதில் வரும். இதுவரை இரண்டு பேர் ஒத்துவராது என்று போனார்கள். மற்றவர்கள் சரி என்றார்கள்.