கெண்டை மீனின் குடலைக் கெடுப்பது புழுவா, தீவனத்துக் கொழுப்பா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் 30 சென்ட் குட்டை வைத்திருக்கிறேன். ஆடியில் கட்லா, ரோகு, மிர்கால் கெண்டைக் குஞ்சுகள் 1,000 விட்டேன். இப்போது சராசரி எடை 400 கிராம். பட்டு நூற்கும் இடத்தில் கூட்டுப்புழு மலிவாகக் கிடைத்ததால் நானே தீவனம் கலக்கிறேன். காய்ந்த புழு 30 கிலோ, செக்குக் கடலைப் புண்ணாக்கு 30, அரிசித் தவிடு 38, தாது உப்பு 2, சீக்கிரம் எடை ஏறட்டும் என்று பாமாயில் 2 லிட்டர். மூன்று வாரமாக மீன் தீவனத்தில் பாதியை மிச்சம் வைக்கிறது. வெள்ளை நூல் போலக் கழிவு மிதக்கிறது, சிலவற்றுக்கு வயிறு உப்பியிருக்கிறது. குடற்புழு மருந்து போடலாமா?

பதில்: மருந்தை இப்போது வாங்க வேண்டாம். உங்கள் கலவையில் உள்ள கொழுப்பை முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காய்ந்த கூட்டுப்புழுவில் 100க்கு 25 முதல் 30 பங்கு கொழுப்பு. 30 கிலோ புழுவில் ஏறத்தாழ 8.4 கிலோ. செக்குப் புண்ணாக்கில் 8 சதவீதம் என்று வைத்தால் 2.4 கிலோ. எண்ணெய் எடுக்காத தவிட்டில் 15 சதவீதம் இருக்கும், அது 5.7 கிலோ. பாமாயில் 1.8 கிலோ. கூட்டினால் தீவனத்தில் சுமார் 18 சதவீதம் கொழுப்பு. கெண்டை இனங்களுக்கு 6 முதல் 8 சதவீதம் போதும். நீங்கள் கொடுப்பது அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

கெண்டைக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேராக நீண்ட குடலுக்குள் போகும். அங்கே பித்தநீர் கொழுப்பைச் சிறு துளிகளாக உடைக்க, கணையநீர் அதைச் செரிக்கும், குடல் சுவரின் செல்கள் உறிஞ்சி இரத்தத்துக்கு அனுப்பும். அனுப்பும் வேகத்தைவிட வரவு அதிகமானால் துளிகள் அந்தச் செல்களிலேயே தேங்கி, சுவர் பலவீனப்படும். செல்களுக்கு இடையிலுள்ள பிடிப்பு தளரும்போது, குட்டையில் எப்போதும் இருக்கும் ஏரோமோனாஸ் போன்ற கிருமிகள் உள்ளே நுழைய வழி கிடைக்கிறது. செரிக்காத கொழுப்பும் குடலின் சளியும் சேர்ந்து வெளியேறுவதே நீங்கள் பார்க்கும் வெள்ளை நூலாக இருக்கலாம். எஞ்சிய கொழுப்பு கல்லீரலில் படிகிறது.

அளவைவிட நான் அதிகம் பயப்படுவது கொழுப்பின் பதத்தைப் பற்றித்தான். கூட்டுப்புழுக் கொழுப்பு காற்றுப் பட்டால் எளிதில் சிக்குப் பிடிக்கும் ரகம். எண்ணெய் எடுக்காத தவிடும் அப்படியே, அரைத்த சில நாட்களிலேயே காறல் வாடை வந்துவிடும். கெட்ட கொழுப்பு குடல் செல்லையும் கல்லீரலையும் நேரடியாகச் சிதைக்கும், தீவனத்திலுள்ள வைட்டமின் ஈயையும் அழிக்கும். ஜப்பானில் கூட்டுப்புழுவையே முக்கியத் தீவனமாகக் கொடுத்த கெண்டைப் பண்ணைகளில் ‘செகோக்கே’ என்றொரு நோய் வந்தது. முதுகுச் சதை வற்றி, தலை மட்டும் பெரிதாகத் தெரியும். அதற்குக் காரணம் சிக்குப் பிடித்த புழுக் கொழுப்பும் வைட்டமின் ஈ குறைவும்தான். உங்கள் மீன்களிலும் முதுகு கத்தி போல மெலிந்தவை உண்டா என்று பாருங்கள். இருந்தால் அவை தேறுவது கடினம், பிரித்து எடுத்துவிடுங்கள்.

நாளைக் காலை வீச்சு வலையில் நோய்க்குறி உள்ள மூன்றும் நன்றாக இருக்கும் இரண்டும் பிடித்து வயிற்றைக் கிழியுங்கள். கல்லீரல் செம்பழுப்பாக இருக்க வேண்டும். வெளிர் மஞ்சளாக, தொட்டால் கையில் எண்ணெய் ஒட்டினால் கொழுப்புதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாம். குடலை நீளவாக்கில் பிளந்து தட்டில் தண்ணீர் ஊற்றி அலசினால், குடற்புழு இருந்தால் கண்ணுக்குத் தெரியும். கண்ணில் பட்டால் மட்டும் மருந்தைப் பற்றி யோசிக்கலாம், அதுவும் மீன்வளத் துறை அலுவலரைக் கேட்ட பிறகு. உடலில் சிவப்புத் திட்டோ புண்ணோ இருந்தால் கிருமி உள்ளே போயிருக்கலாம். அப்போது ஐஸ் வைத்த பெட்டியில் மீனைப் பாரூர் மீன்வளப் பல்கலைக்கழக மையத்துக்குக் கொண்டு போங்கள்.

இரண்டு நாள் தீவனத்தை முழுதாக நிறுத்துங்கள், இந்த எடை மீனுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் வைக்கோல் பிரியை இழுத்து ஓரத்தில் ஒதுக்கி எடுத்துவிடுங்கள். பிறகு ஒரு வாரம், கீழே சொல்லும் புதுக் கலவையை மீன் எடையில் 1 சதவீதம் கொடுங்கள், அதாவது உங்கள் 400 கிலோ மீனுக்கு நாளைக்கு 4 கிலோ. நன்றாகத் தின்றால் படிப்படியாக 8 கிலோ வரை ஏற்றலாம். மார்கழி, தை மாதங்களில் தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் 4 கிலோவிலேயே நிறுத்துங்கள். குளிரில் குடல் மெதுவாக வேலை செய்யும், கொழுப்பு அப்படியே தங்கும். இந்தப் பருவத்தில் தொல்லை தலைகாட்டியதற்கு அதுவும் ஒரு காரணம். இரைப்பை இல்லாத மீன் என்பதால் காலை 9 மணிக்கும் மாலை 4 மணிக்கும் பிரித்து, துளையிட்ட பையில் கட்டித் தொங்கவிடுங்கள். மூன்று மணி நேரத்துக்குப் பிறகும் பையில் மிச்சம் இருந்தால் மறுநாள் குறையுங்கள். மிச்சத்தை அங்கேயே விட்டால் அடியில் மேயும் மிர்கால் அந்த அழுகலைத்தான் தின்னும்.

புதுக் கலவை 100 கிலோவுக்கு இப்படி: கூட்டுப்புழு 10, கடலைப் புண்ணாக்கு 35, எண்ணெய் எடுத்த தவிடு 30, கேழ்வரகு மாவு 23, தாது உப்பு 2. பாமாயில் வேண்டவே வேண்டாம். கொழுப்பு 6 சதவீதத்தை ஒட்டி இருக்கும், புரதம் 25 சதவீதம் வரும். கேழ்வரகு மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிப் பிசைந்தால் உருண்டை தண்ணீரில் சீக்கிரம் கரையாது. வைட்டமின் ஈ ஒரு கிலோ தீவனத்துக்கு 100 மில்லிகிராம் கணக்கில் சேருங்கள். 50 சதவீதப் பொடியாக இருந்தால் 100 கிலோவுக்கு 20 கிராம். கஞ்சி ஆறிய பிறகே கலக்க வேண்டும்.

கூட்டுப்புழுவை அடியோடு விட்டுவிடச் சொல்லவில்லை. அதன் புரதம் அருமையானது, அளவோடு இருந்தால் கொழுப்பும் மீனுக்குத் தேவையான லினோலெனிக் என்ற கொழுப்பு அமிலத்தைத் தரும். ஈரப் புழுவை வாங்கிய அன்றே மெல்லியதாகப் பரப்பி, விரலில் நசுக்கினால் நொறுங்கும் வரை காய வையுங்கள். ஈரம் இருந்தால் மறுநாளே அழுகும். காற்றுப் புகாத டிரம்மில் நிழலில் வைத்து மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். மூடியைத் திறந்ததும் பழைய பெயின்ட் போல வாடை அடித்தால் அந்தப் புழுவை எருக்குழியில் கொட்டிவிடுங்கள். உங்களிடம் இப்போது மிச்சமுள்ள கலவைக்கும் இதே சோதனைதான்.

மூன்று வாரம் கழித்து மறுபடி இரண்டு மீனை அறுத்துப் பாருங்கள். கல்லீரலில் நிறம் திரும்பி, கழிவு மிதக்காமல் அடியில் படிந்தால் குடல் தேறிவிட்டது.