கேம் காதல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஸ்டார்ட்யூ வேலி என்ற வீடியோ கேமில் லியா என்ற கேரக்டரைக் கல்யாணம் செய்ய ஆசை. நெருக்கத்தைக் காட்டும் இதயக் கணக்கு 8 வந்ததும் அப்படியே நிற்கிறது. போதாததற்கு, மழையில் கரன்ட் போனால் அன்றைக்குக் கொடுத்த கிஃப்டும் வீண். என்ன செய்வது?
– வாசகி, குன்னூர்

பதில்: எட்டில் நிற்பது கோளாறு இல்லை, கேமே போட்ட பூட்டு. பியேர் கடையில் 200 கோல்டுக்குப் பூங்கொத்து வாங்கி லியாவிடம் கொடுங்கள்; ஒன்பதும் பத்தும் திறக்கும். புதன்கிழமை கடை மூடியிருக்கும்.

ஓர் இதயம் என்பது 250 பாயின்ட். மிகவும் பிடித்த கிஃப்டுக்கு 80, தினமும் போய்ப் பேசினால் 20. பிறந்தநாளை விட்டால் வாரத்துக்கு இரண்டு கிஃப்ட்தான் வாங்கிக்கொள்வார்கள். ஆக, ஒழுங்காகப் பேசிக் கொடுத்து வந்தால் வாரம் 300 பாயின்ட் சேரும். லியாவுக்கு சாலட் என்றால் உயிர். கஸ் என்பவர் நடத்தும் சாப்பாட்டு விடுதியில் அதன் விலை 220 கோல்டு. குளிர்காலம் 23 அவர் பிறந்தநாள், அன்று கிஃப்டின் மதிப்பு எட்டு மடங்கு. ஒரு சாலட்டுக்கே 640 பாயின்ட் கிடைக்கும் நாளைத் தவற விடாதீர்கள்.

பத்து இதயம் ஆனபின்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். கல்யாணம் கேட்கக் கொடுக்கும் பதக்கத்தை 5,000 கோல்டுக்கு விற்கும் கிழவர் மழை நாளில் மட்டுமே கடற்கரையின் கிழக்குப் பக்கம் நிற்பார். அங்கே போக உடைந்த பாலத்தை 300 மரத்துண்டு போட்டுச் சரிசெய்ய வேண்டும். வீட்டையும் ஒரு முறை பெரிதாக்கியிருக்க வேண்டும். அதற்கு 10,000 கோல்டும் 450 மரத்துண்டும் ஆகும். குளிர்காலத்தில் அந்த ஊரில் மழையே கிடையாது. பாலத்தையும் வீட்டையும் இலையுதிர் காலத்துக்குள் முடிக்காதவர்கள் வசந்தம் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

கரன்ட் விஷயம்: கம்ப்யூட்டரில் இந்த கேம் உங்கள் கேரக்டர் படுத்துத் தூங்கும்போதுதான் சேவ் ஆகும். கேமில் ஒரு முழு நாள் நமக்குச் சுமார் 14 நிமிடம். ஐப்பசி மழையில் குன்னூரில் லைட் மினுக்க ஆரம்பித்தால், சுரங்கம், மீன்பிடி எதற்கும் போகாதீர்கள். கிஃப்டைக் கொடுத்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்து படுத்துவிடுங்கள்.

கேள்வி: விட்சர் 3 கேமில் ட்ரிஸ், யென்னிஃபர் என்ற இரண்டு மந்திரக்காரிகளையும் விட மனமில்லை. வழி உண்டா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: இல்லை. நோவிகிராட் துறைமுகத்தில் ட்ரிஸ்ஸிடமும், ஜின் பூதத்தைத் தேடிப் போகும் குவெஸ்ட் (கேம் தரும் வேலை) முடிவில் யென்னிஃபரிடமும் 'காதலிக்கிறேன்' என்று சொன்னால், இருவரும் சேர்ந்து நாயகன் ஜெரால்ட்டை விடுதிக் கட்டிலோடு கட்டிப்போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதோடு இருவரும் இல்லை. ட்ரிஸ்தான் வேண்டுமென்றால் பனிமூட்டத் தீவுக்குக் கிளம்பும் முன்பே துறைமுகக் காட்சியை முடியுங்கள். தீவுக்குப் போய்விட்டால் அந்த குவெஸ்ட் தோற்றுவிடும்.

கேள்வி: பால்டர்ஸ் கேட் 3 கேமில் கூட வரும் கார்லக் என்னோடு நன்றாகத்தான் பழகுகிறாள். ஆனால் தொட முடியவில்லை. எங்கே தவறு?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: அவள் நெஞ்சில் இருப்பது நரகத்து எஞ்சின், தொட்டால் சுடும். அதை டாமன் என்ற கொல்லர் இரண்டு தடவை சரிசெய்ய வேண்டும், தடவைக்கு ஒரு நரக இரும்பு. முதல் வேலை எமரால்ட் குரோவ் என்ற புகலிடத்தில், இரண்டாவது லாஸ்ட் லைட் விடுதியில். கார்லக்கைக் கூட்டிக்கொண்டே போங்கள். குரோவைத் தாக்கும் பக்கம் நீங்கள் சேர்ந்தால் கார்லக்கே உங்களை விட்டுப் போய்விடுவாள்.

விடுதியில் ஒரு ஆபத்து இருக்கிறது. மாடியில் இசபெல் என்ற பெண்ணிடம் பேசியதும் தாக்குதல் தொடங்கும். அவளை எதிரி தூக்கிக்கொண்டு போனால் விடுதியே அழியும், டாமனும் பிழைக்க மாட்டான். ஆகவே முதலில் டாமன், பிறகு மாடி. படியேறும் முன் தனியாக ஒரு சேவ் போட்டு வையுங்கள்.

இன்னொன்று: முகாமில் இரவு தங்கினால்தான் காதல் காட்சிகள் வரும். உணவை மிச்சம் பிடிக்கிறேன் என்று தூங்காமலே ஓடினால் காட்சிகள் வரிசையில் தேங்கி, சில வராமலே போகும். சாதாரண நிலையில் ஒரு முழு ஓய்வுக்கு 40 உணவுப் பொருள் போதும். வழியில் கிடைக்கும் மூட்டை, பீப்பாய் எல்லாவற்றையும் துழாவினால் தட்டுப்பாடே வராது.

கேள்வி: இணையத்தில் விடையைப் பார்த்து கேமில் பதில் தேர்ந்தெடுப்பது சரியா?
– வாசகி, கூடலூர்

பதில்: எந்த குவெஸ்ட் எப்போது மூடும், கடைக்காரர் எந்த நாளில் வருவார் என்பதை தாராளமாகப் பாருங்கள். அதைத் தெரியாமல் நாற்பது மணி நேர ஆட்டம் வீணாவதில் எந்தச் சுகமும் இல்லை. ஆனால் அந்தக் கேரக்டரிடம் என்ன பேசுவது என்பதை மட்டும் பார்க்காதீர்கள். பால்டர்ஸ் கேட் 3-இல் ஓரிரு பதில் பிடிக்காமல் போனாலும் பரவாயில்லை, பிடித்தமும் வெறுப்பும் கூடிக் குறைந்துகொண்டேதான் இருக்கும். அடுத்த ஊரில் அவர் மதிக்கும் ஒரு காரியத்தைச் செய்தால் ஈடாகிவிடும்.