சக்‌ஷனைக் குறுக்காதீர்கள்: மீன் தொட்டி வெளி மோட்டார் கேள்வி பதில்

கேள்வி: என் தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரம். கீழே கேபினெட்டுக்குள் கண்ணாடி சம்ப் (மேல் தொட்டியின் தண்ணீர் இறங்கிச் சேரும் கீழ்த்தொட்டி). சம்புக்குள் போட்டிருக்கும் மோட்டாரால் கோடையில் தண்ணீர் சூடேறுகிறது. வெளியே வைக்கும் மோட்டாராக மாற்றினால் சரியாகுமா? குழாயை எப்படி இணைப்பது?
— வாசகர், தாம்பரம்

சூடு குறையும். ஆனால் ஏசி போட்ட மாதிரி இருக்கும் என்று நினைக்க வேண்டாம். மூழ்கிய மோட்டார் இழுக்கும் கரண்ட் முழுவதும் கடைசியில் தண்ணீரில்தான் சூடாக இறங்கும். வெளியே வைத்தால் அதில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். கேபினெட் கதவை இறுக மூடி வைத்தால் அதே சூடு உள்ளேயே சுற்றும் என்பதால், பின்பலகையில் காற்றுப் போக இரண்டு ஓட்டையாவது போடுங்கள்.

மோட்டார் வாங்குமுன் ஒரு கணக்கு. உங்கள் தொட்டி விளிம்பு வரை நிரம்பினால் சுமார் 340 லிட்டர். மணிக்கு ஐந்து சுற்று என்றால் 1,700 லிட்டர் மேலே வந்து சேர வேண்டும். டப்பாவில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 3,000 லிட்டர் என்பது தண்ணீரைத் தூக்கவே தூக்காதபோது கிடைக்கும் அளவு. அதே டப்பாவில் சின்னதாக ஒரு வளைகோடு அச்சிட்டிருப்பார்கள். சம்ப் நீர்மட்டத்திலிருந்து தொட்டி விளிம்பு வரை டேப் வைத்து அளந்து, ஒன்றரை மீட்டர் வந்தால் அந்தக் கோட்டில் ஒன்றரை மீட்டருக்கு நேராக என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். குழாயைத் திருப்பும் ஒவ்வொரு 1 இஞ்ச் எல்போவும் இரண்டரை அடி நேர்க்குழாய் அளவுக்குத் தண்ணீரை மறிக்கும். நாலு எல்போ போட்டால் பத்தடிக் குழாயை வீணாகச் சேர்த்த கணக்கு.

வெளியே ஓட்டலாம் என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்கும், உள்வாய் வெளிவாய் இரண்டிலும் மரை உள்ள மோட்டாராக இருக்க வேண்டும். மேக்னெட் டிரைவ் வகை நல்லது. அதில் மோட்டாரையும் தண்ணீரையும் இணைக்கும் தண்டு கிடையாது, அதனால் தண்டோரம் கசிய சீலும் இல்லை. இந்த மோட்டார்கள் தானாகத் தண்ணீரை உறிஞ்சி எடுக்காது. சம்பின் நீர்மட்டத்துக்குக் கீழே உட்கார வைத்தால்தான் தண்ணீர் தானே வந்து நிறையும். சம்ப் விளிம்பு வழியாகக் குழாயை வளைத்து எடுக்கும் வேலையெல்லாம் ஒருநாள் காற்றுப் பிடித்து நின்றுவிடும். ஆகவே சம்பின் பக்கச் சுவரில் துளை போட்டே ஆக வேண்டும்.

டெம்பர்டு கண்ணாடி என்றால் டிரில் பட்டதும் பொடிப்பொடியாகிவிடும், அதைத் தொடவே கூடாது. தொட்டி செய்து கொடுத்தவரிடம் சாதாரணக் கண்ணாடிதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடியில் வட்டத் துளை போடும் டைமண்ட் ஹோல்-சா வேண்டும். அளவைக் கடைக்காரர் சொன்னதை வைத்து வாங்காமல், டேங்க் கனெக்டர் (துளையில் மாட்டிக் குழாயை இணைக்கும் உறுப்பு) மரையின் வெளிவிட்டத்தை அளந்து, அதைவிட 1 அல்லது 2 மி.மீ. கூடுதலாக வாங்குங்கள். துளையின் ஓரத்துக்கும் கண்ணாடியின் ஓரத்துக்கும் நடுவே குறைந்தது துளையின் விட்டம் அளவு இடைவெளி இருக்கட்டும். சம்பைக் காலி செய்து படுக்க வைத்து, துளை விழும் இடத்தைச் சுற்றிக் களிமண்ணால் சின்ன வரப்புக் கட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். பின்பக்கம் மாஸ்கிங் டேப். ஹேமர் மோடு அணைந்திருக்க வேண்டும். மெதுவான வேகம், கை அழுத்தம் கிட்டத்தட்ட டிரில்லின் எடை மட்டும். பால் போல வெள்ளைக் குழம்பு வந்துகொண்டிருந்தால் சரியாகப் போகிறது. கடைசி ஒரு மி.மீ.யில் அவசரப்படுபவர்களுக்குத்தான் பின்பக்கம் சில்லு பெயர்கிறது. கனெக்டரின் ரப்பர் வாஷர் தண்ணீர்ப் பக்கம், அதாவது தட்டையான விளிம்பு இருக்கும் பக்கம் வர வேண்டும். நட்டுப் பக்கம் போட்டால் இறுக்கும்போது முறுக்கிக்கொள்ளும்.

இனி வரிசை: டேங்க் கனெக்டர், பால் வால்வு, யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு), மோட்டார், மறுபடி யூனியன், பால் வால்வு, பிறகு மேலே போகும் குழாய். இரண்டு பக்கமும் வால்வும் யூனியனும் இருந்தால், சம்பைக் காலி செய்யாமலே மோட்டாரைக் கழற்றிக் கழுவலாம். இந்தச் செலவில் மிச்சம் பிடிக்காதீர்கள். மோட்டாரின் வெளிவாய் மேல்நோக்கி இருந்தால் உள்ளே சிக்கிய காற்று தானே வெளியேறும்.

சக்‌ஷன் குழாய், அதாவது சம்பிலிருந்து மோட்டாருக்கு வரும் உறிஞ்சு குழாய், மோட்டாரின் உள்வாய்க்குச் சமமாகவோ ஒரு அளவு பெரிதாகவோ இருக்கட்டும். வாய் 1 இஞ்ச் என்றால் ஒன்றேகால் இஞ்ச் குழாய் போட்டு, மோட்டாருக்குப் பக்கத்தில் அளவைக் குறைக்கும் ரெட்யூசர் வைக்கலாம். மோட்டார் வாயை ஒட்டியே எல்போ வேண்டாம், 15 செ.மீ. நேர்க்குழாய் விடுங்கள். சக்‌ஷன் வால்வு கழற்றும்போது மூடுவதற்கு மட்டும்தான், மற்ற நேரம் முழுக்கத் திறந்தே இருக்க வேண்டும். வேகத்தைக் குறைக்க, மேலே போகும் பக்கத்து டெலிவரி வால்வைத் திருகுங்கள்.

கடையில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ‘1 இஞ்ச்’ என்ற பெயரில் மூன்று குழாய் கிடைக்கும். வெள்ளை யுபிவிசியின் வெளிவிட்டம் 33.4 மி.மீ., விவசாயத்துக்குப் போடும் சாம்பல் நிறப் பிவிசி 32 மி.மீ., வெந்நீருக்கான சிபிவிசி 28.6 மி.மீ. ஒன்றின் எல்போ இன்னொன்றில் உட்காராது. சாம்பல் குழாயை வெள்ளை எல்போவுக்குள் விட்டால் லொடலொடவென ஆடும், ஒட்டும் சொல்யூஷன் நிறையப் போட்டால் பிடித்த மாதிரியும் தெரியும், ஒரு மாதத்தில் சொட்டும். எல்லாவற்றையும் ஒரே வகையில் வாங்குங்கள்.

குழாயை நேராக அறுத்து, பிசிறைக் கத்தியால் சுரண்டி, துடைத்து, இரு பக்கமும் மெல்லியதாகச் சொல்யூஷன் தடவி, கால் சுற்றுத் திருப்பியபடி உள்ளே தள்ளி 30 விநாடி பிடித்திருங்கள். விட்டால் பின்னால் தள்ளிக்கொண்டு வந்துவிடும். 24 மணி நேரம் கழித்து வெறும் தண்ணீர் விட்டு ஓட்டி, அதைக் கொட்டிவிட்டுத்தான் மீன். ஓட்டும்போது ஒவ்வொரு இணைப்பின் கீழேயும் டிஷ்யூ பேப்பர் சுற்றி வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் காகிதத்தில் கறையாக விழும்.

கேள்வி: வீட்டில் சும்மா கிடக்கும் அரை எச்.பி. தண்ணீர் மோட்டாரையே போட்டால் என்ன?
— வாசகர், திருச்சி

கரண்ட் பில் முதல் காரணம். இழப்பு சேர்த்து 500 வாட் இழுத்தாலும் 24 மணி நேரத்தில் 12 யூனிட். 40 வாட் மீன் தொட்டி மோட்டாருக்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவு, இரண்டு மாத பில்லில் சுமார் 58 யூனிட். அடுத்தது, மாடித் தொட்டிக்கு ஏற்றும் மோட்டார் தினம் ஒரு மணி நேரம் ஓடத்தான் செய்யப்பட்டது, ஓயாமல் ஓட அல்ல. உள்ளே வார்ப்பிரும்பு துருப்பிடிக்கும். தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் பித்தளை என்றால் தாமிரம் தண்ணீரில் இறங்கும். மீன் தாங்கினாலும் இறாலும் நத்தையும் தாங்காது. பழைய இரும்புக்கே விட்டுவிடுங்கள்.

கேள்வி: புது மோட்டார் கூழாங்கல் அரைப்பதுபோல் கரகரக்கிறது. தொட்டியில் தூசி மாதிரி நுண்குமிழிகள். ஆனால் எங்கும் கசிவு இல்லை.
— வாசகர், மதுரை

கசிவு இல்லை என்பதால் காற்று நுழையவில்லை என்று அர்த்தமில்லை. சக்‌ஷன் பக்கம் தண்ணீர் போதாமல் இழுபடும்போது, தளர்ந்த யூனியன் தண்ணீரை வெளியே விடாமல் காற்றை உள்ளே இழுக்கும். மோட்டார் ஓடும்போது ஒவ்வொரு சக்‌ஷன் இணைப்பின் மேலும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எங்கே ஊற்றும்போது சத்தம் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. யூனியனுக்குள் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மடங்கியிருக்கும் அல்லது விழுந்தே போயிருக்கும்.

அங்கே இல்லையென்றால் சம்பைப் பாருங்கள். நீர்மட்டம் குறைந்து, உறிஞ்சும் வாய்க்கு மேலே சின்னச் சுழி விழுந்தால் அதன் வழியே காற்று இறங்கும். குழாய் விட்டத்தைப் போல இரு மடங்காவது தண்ணீர் மேலே நிற்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்து கரகரப்பு மட்டும் கேட்டால், சக்‌ஷன் வால்வு பாதி மூடியிருக்கும், அல்லது வடிகட்டிக் கூடையில் இலை அடைத்திருக்கும், அல்லது தோட்டத்துப் பச்சை ஹோஸ் போட்டிருப்பீர்கள். அது உறிஞ்சும் வேகத்தில் சப்பையாகிவிடும். சுருள் வளையம் பதித்த ஹோஸ்தான் சக்‌ஷனுக்குத் தாங்கும். பலகை அதிரும் உறுமல் வேறு. அதற்கு மோட்டாருக்கு அடியில் தடித்த ரப்பரும், டெலிவரியில் ஒரு சாண் ஹோஸும் போதும்.

கேள்வி: கரண்ட் போனதும் சம்ப் நிரம்பி வழிந்து ஹால் முழுக்கத் தண்ணீர். தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் நிற்குமா?
— வாசகர், கோவை

நம்பிப் படுக்க முடியாது. பாசியோ ஒரு நத்தைக்குஞ்சோ அதன் கதவில் சிக்கினால் மூடாது. மேலே தொட்டிக்குள் தண்ணீர் விழும் குழாயின் வாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது? மோட்டார் நின்றதும் அந்த வாய் வெளியே தெரியும் வரை தொட்டித் தண்ணீர் கீழே இறங்கும். 120க்கு 45 செ.மீ. தொட்டியில் ஒவ்வொரு செ.மீ.யும் 5.4 லிட்டர். வாய் 10 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 54 லிட்டர். எந்தச் சிறு சம்பும் தாங்காது.

நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே அந்தக் குழாயில் 4 மி.மீ. துளை போடுங்கள். மட்டம் அங்கே வந்ததும் காற்று புகுந்து இழுப்பு அறுந்துவிடும். வாரம் ஒருமுறை பல்குத்தும் குச்சியால் துளையைக் குத்தி விடுங்கள். பிறகு மோட்டார் ஓடும்போதே பிளக்கைப் பிடுங்கி, எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்து, வழியாத அளவுக்கு ஓடும்போதைய சம்ப் மட்டத்தை மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் எப்போதும் நிரப்பக் கூடாது.

ஒயர் பிளக்குக்குப் போகுமுன் ஒரு தொங்கல் விட்டு, பிளக்கைவிடத் தாழ்வாக வளையட்டும். ஒயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் சுவிட்ச்) எர்த்தும் கட்டாயம்.

கேள்வி: மோட்டார் மரையில் டேப் சுற்றி நன்றாக முடுக்கியும் சொட்டுகிறது.
— வாசகர், சேலம்

இனி முடுக்காதீர்கள், பிளாஸ்டிக் தலை விரிசல் விடும். டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே நாலைந்து சுற்றுச் சுற்றி, கையால் இறுக்கி, அதற்கு மேல் அரைச் சுற்று போதும். இரும்பு நிப்பிள் வேண்டவே வேண்டாம். மோட்டார் அமெரிக்கத் தயாரிப்பா என்றும் பாருங்கள். அவர்களின் முக்கால் இஞ்ச் மரையும் நம் ஊர் முக்கால் இஞ்ச் மரையும் இஞ்சுக்கு 14 பல் என்பதால் ஏறுகிற மாதிரி ஏறும். பல்லின் கோணம் வேறு, 60 டிகிரியும் 55 டிகிரியும். எத்தனை டேப் சுற்றினாலும் முழுதாக உட்காராது. பொருத்தமான அடாப்டர்தான் வழி.

கேள்வி: போர் தண்ணீர்தான். ஆறு மாதமாக ஓடிய மேக்னெட் மோட்டார், கரண்ட் போய் வந்த பிறகு உறுமுகிறது, சுற்றவில்லை.
— வாசகர், ஈரோடு

உப்புப் படிந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் வரை தெரியாது, நின்ற பிறகு பிடித்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கி, இரண்டு வால்வையும் மூடி, யூனியனைக் கழற்றி, முன் தலையைத் திறந்து இம்பெல்லரை நேராக இழுங்கள். இம்பெல்லர் சுற்றும் செராமிக் தண்டைச் சாய்த்து இழுத்தால் ஒடிந்துவிடும். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து அதில் ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல் பிரஷால் தேயுங்கள். கழிப்பறை ஆசிட் பக்கம் போக வேண்டாம். நன்றாகக் கழுவி, ஓ-ரிங்கில் மணல் துகள் இல்லை என்று விரலால் தடவிப் பார்த்து மூடுங்கள். சக்‌ஷன் வால்வை முதலில் திறந்து, தண்ணீர் நிறைந்து குமிழி வருவது நின்றபின் டெலிவரியைத் திறந்து சுவிட்சைப் போடுங்கள். போர் தண்ணீர் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டியிருக்கும்.