மெயில் மாறும் மாதம்: கணினி மையத்திலிருந்து கேள்வி பதில்

காரைக்குடியில் நம் பல்கலைக்கழகக் கணினி மையத்தில் பதினாலு வருடமாக இருக்கிறேன். இந்த மாதம் மூன்று மாற்றங்கள்: மெயிலுக்கான இடம் ஆளுக்கு 5 ஜிபி ஆகிறது, படிப்பை முடித்தவர்களின் கணக்கு மூடப்படுகிறது, இரண்டடுக்குச் சரிபார்ப்பு, அதாவது பாஸ்வேர்டோடு போனில் கிடைக்கும் ஒரு குறியீட்டு எண்ணையும் கொடுத்து நுழைவது, எல்லோருக்கும் கட்டாயம். கேள்விகள் குவிந்துவிட்டன, தெரிந்ததைச் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று. அறிவிப்பு வந்த மறுநாளே திருடனும் மெயில் அனுப்புவான். லிங்கைத் தொடாதீர்கள், முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.

முன்பு எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம் என்றார்களே, ஏன் குறைத்தீர்கள்? (முதுகலை மாணவர்)

நாங்கள் குறைக்கவில்லை தம்பி. நம் மெயில் ஓடுவது கூகுளில். கல்வி நிறுவனங்களுக்கு வரம்பில்லாமல் கொடுத்த இடத்தை நிறுத்துவதாக கூகுள் 2021இலேயே அறிவித்து, 2022 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இப்போது ஒரு நிறுவனம் முழுவதற்கும் சேர்த்து 100 டெராபைட். இருபதாயிரம் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 5 ஜிபிதான் தேறும். கல்லூரி விழா வீடியோக்களை முதலில் எடுத்துவிடு, பாதி இடம் காலியாகும்.

ஆய்வேடு சமர்ப்பித்துவிட்டேன். தரவு எல்லாம் பல்கலைக்கழக டிரைவில்தான் இருக்கிறது. என்ன செய்வது அண்ணே? (ஆய்வு மாணவி, பள்ளத்தூர்)

நல்லவேளை இப்போதே கேட்டீர்கள். கணக்கில் உள்ளதை மொத்தமாக எடுக்க உதவும் கூகுள் டேக்அவுட்டில் எல்லாவற்றையும் தரவிறக்கி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போடுங்கள். சொந்தக் கணக்குக்கு நேராக மாற்றவும் அதிலேயே வழி உண்டு, ஆனால் இலவசக் கணக்கில் மெயில், படம், கோப்பு எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான். பலர் கோட்டை விடும் இடம் வேறு. உங்கள் நெறியாளர் உங்களோடு பகிர்ந்த கோப்பு அவர் கணக்கில் இருக்கிறது. அவர் ஓய்வு பெற்று கணக்கு மூடப்பட்டால் அது உங்கள் திரையிலிருந்தும் போய்விடும், அதனால் அதற்கு ஒரு நகல் எடுங்கள். அப்புறம் ஆய்வாளருக்கு அடையாள எண் தரும் ஆர்கிட், கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலர், கட்டுரை அனுப்பிய இதழ்களின் தளம், இங்கெல்லாம் பழைய மெயிலைக் கொடுத்திருப்பீர்கள். மெயில் உயிரோடு இருக்கும்போதே மாற்றுங்கள். மூடிய பிறகு பாஸ்வேர்டு மாற்றும் கடிதம்கூட அந்தச் செத்த முகவரிக்குத்தான் போகும்.

பாஸ்வேர்டு மறந்துவிட்டது.

அடையாள அட்டையோடு நேரில் வாருங்கள். போனில் மாற்றித் தர மாட்டேன்.

"24 மணி நேரத்தில் உங்கள் கணக்கு நீக்கப்படும், சரிபார்க்க இங்கே அழுத்தவும்" என்று வந்திருக்கிறது. உண்மையா சார்? (அலுவலகப் பணியாளர்)

பொய். நீங்கள் அனுப்பிய படத்தையே வைத்துச் சொல்கிறேன். மேலே நம் முத்திரை, கீழே "கணினி மையம்" என்று கையொப்பம், நடுவில் நீலப் பொத்தான். எல்லாம் அச்சு அசல். பொத்தானைத் தட்டாமல், அதன் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் முகவரி தெரியும்: நம் பெயர், ஒரு சிறுகோடு, ஏசி, இன்னொரு சிறுகோடு, இன், அப்புறம் டாட் காம். முகவரியின் தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோட்டுக்கு இடதுபுறம் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். அதுதான் வீட்டு உரிமையாளர் பெயர், முன்னால் இருப்பதெல்லாம் வாசல் கோலம். நம் உண்மையான முகவரி டாட் ஏசி டாட் இன் என்று முடியும். அந்த முடிவு கல்வி, ஆய்வு வலையமைப்பான எர்நெட் வழியாகக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே கிடைக்கும், திருடனால் அதை வாங்க முடியாது.

விடுதி அறையில் சிக்னல் இல்லை. குறியீடு எப்படி வரும்?

எஸ்எம்எஸ் வேண்டாம், ஆதென்டிகேட்டர் செயலி போடு. அது 30 விநாடிக்கு ஒரு ஆறு இலக்க எண்ணைப் போனுக்குள்ளேயே உருவாக்கும், சிக்னல் தேவையில்லை. கூகுள் கொடுக்கும் பத்து மாற்றுக் குறியீடுகளையும் தாளில் எழுதி வை. எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதே, நான் கேட்டாலும்.

பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வீட்டுப் பெட்டகத்தில் வைக்கலாம் என்று போன தடவை சொன்னீர்கள். இது தவறான வழிகாட்டல். 90 நாளுக்கு ஒரு முறை மாற்றி, மனதில் வைப்பதே முறை. (ஓய்வு பெற்ற பேராசிரியர், தேவகோட்டை)

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். அடிக்கடி மாற்றச் சொன்னால் ஆட்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டுவார்கள். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்டே 2017இல், காரணமில்லாமல் கால இடைவெளி வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று எழுதிவிட்டது. கசிந்தது என்று தெரிந்தால் உடனே மாற்றட்டும்.

நோட்டுத் திருடு போனால்? (அதே பேராசிரியர்)

வீட்டுக்குள் வருகிற திருடன் நகையைத் தேடுவான் ஐயா. மெயில் திருடன் வேறு ஊரில் உட்கார்ந்திருக்கிறான், அவனால் உங்கள் உள்வீட்டுப் பெட்டகத்தைத் திறக்க முடியாது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

நூலகத்திலிருந்து நானும் சொல்கிறேன், பாதிப் பேர் பாஸ்வேர்டு பிள்ளையார்பட்டியும் பிறந்த வருடமும்தான்.

அதுதான் என் கவலையும். கோயில் பெயர், வண்டி நம்பர், பிள்ளை பெயர் எல்லாம் முகநூலில் கிடக்கிறது. ஒன்றுக்கொன்று ஒட்டாத நாலு சொல்லை ஆங்கில எழுத்தில் சேருங்கள்: கொட்டான், ரயில், பூண்டு, மழை என்பது போல. இதையே எடுத்துக்கொள்ளாதீர்கள். நீளம்தான் பலம். பேராசிரியர் ஐயா மறுபடி எழுதியிருக்கிறார், நினைவாற்றல் மழுங்கும் என்கிறார். முப்பது கணக்குக்கு முப்பது பாஸ்வேர்டை யாராலும் மனதில் வைக்க முடியாது, அதனால்தான் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டைப் போடுகிறார்கள், ஒன்று போனால் முப்பதும் போகிறது.

இந்த லிங்க் உண்மையா? (நாலு பேர்)

மேலே எழுதியிருக்கிறேன். படியுங்கள்.

எனக்கும் அதே மெயில் வந்தது, அழுத்திவிட்டேன், வங்கி விவரமும் கொடுத்துவிட்டேன். (ஒரு ஆச்சி, கோட்டையூர்)

ஆச்சி, மற்றதை எல்லாம் போட்டுவிட்டு இப்போதே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடியுங்கள், அடுத்து வங்கிக்கு. நாமே விவரத்தைக் கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும்வரை போகிற பணம் நம் நஷ்டம், சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு என்பது ரிசர்வ் வங்கி விதி. ஒவ்வொரு நிமிடமும் காசு. மெயில் பாஸ்வேர்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வைஃபை மெதுவாக இருக்கிறது.

விடுதி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

அண்ணே, ஒரு சீனியர் என் வங்கிக் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் ஒரு மாதத்துக்குக் கேட்கிறார், ஐயாயிரம் தருகிறாராம். கொடுத்துவிட்டேன். தப்பா? (இளங்கலை முதலாண்டு)

தம்பி, தப்புதான், ஆனால் நீ கேட்டதற்குச் சந்தோஷப்படுகிறேன். அந்த ஆச்சி மாதிரி யாரோ ஏமாந்து இழக்கும் பணம் இப்படிப்பட்ட கணக்குகளில்தான் வந்து இறங்கும், ஏடிஎம்மில் எடுத்தவனின் முகம் தெரியாது, கணக்கில் இருப்பது உன் பெயர், உன் ஆதார். போலீஸ் முதலில் வருவது உன் வீட்டு வாசலுக்கு. இன்றைக்கே வங்கிச் செயலியில் கார்டை முடக்கு. சீனியரிடம் பேசிக்கொண்டிருக்காதே, அவர் அனுப்பிய செய்திகளை அழிக்காதே. நாளைக் காலை பத்து மணிக்கு மையத்துக்கு வா, வங்கிக்கு நானும் கூட வருகிறேன்.