ஆடிக்கூழும் கிளித்தட்டும்: ஒரு வாசகர் கடிதம்

ஐயா,

எங்கள் சனசமூக நிலையத்தில் ஆடிப்பிறப்பையொட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை ஊர்கூடல் வைக்கப்போகிறோம். ஏறக்குறைய 150 பேர் வருவார்கள். போன வருடம் கூழ் கட்டிபட்டு அடியும் பிடித்துவிட்டது. இரண்டு மணிக்கே விளையாட்டைத் தொடங்கியதால் வெயில் தாங்காமல் நாலு மணிக்குப் பாதிச்சனம் வீட்டுக்குப் போய்விட்டது. இந்தமுறை மேடை, கதிரை, ஒலிபெருக்கி எல்லாம் வாடகைக்கு எடுத்து, வெளிநாட்டிலிருந்து வந்து நிற்பவர் ஒருவரைப் பிரதம விருந்தினராக அழைக்கலாம் என்று குழுவில் சொல்கிறார்கள். உங்கள் ஆலோசனை தேவை.

செயலாளர், வடமராட்சி

அன்புள்ள தங்கச்சி,

கூழிலிருந்து தொடங்குகிறேன். அது சரிவந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

150 பேருக்கு இரண்டாம் தரம் கேட்பவர்களையும் சேர்த்து 40 லீற்றர் வேண்டும். அதை ஒரே கிடாரத்தில் வைக்காதீர்கள். அவ்வளவு ஆழமான பாத்திரத்தில் அகப்பை அடியைத் தொடாது, மா அங்கேதான் போய்ப் படியும். 30 லீற்றர் கொள்ளும் கிடாரங்கள் இரண்டு எடுத்து, ஒவ்வொன்றிலும் 20 லீற்றர் காய்ச்சுங்கள். இரண்டாவதை அரை மணித்தியாலம் பிந்தி ஏற்றினால் கடைசியாக வருபவருக்கும் சூடான கூழ் கிடைக்கும்.

ஒரு கிடாரத்துக்கு: வறுத்த பச்சையரிசிமா ஒன்றேமுக்கால் கிலோ, வறுத்துக் கோது நீக்கிய பயறு 1 கிலோ, பனங்கட்டி 3 கிலோ, தேங்காய் 10. எட்டுத் தேங்காயைத் துருவிப் பால் பிழியுங்கள், இரண்டைச் சின்னச் சொட்டுகளாக வெட்டுங்கள். மிளகுதூள் 25 கிராம், சீரகத்தூள் 25 கிராம், உப்பு இரண்டு தேக்கரண்டி.

முதலில் பயறு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவது, அதில் பயறு அவியச் சுணங்கும். பனங்கட்டி சேர்ந்த பிறகோ, எவ்வளவு நேரம் எரித்தாலும் நறுக்கென்றுதான் நிற்கும். ஆகவே வெறுந்தண்ணீரில் தனியாக அவித்து, விரலால் நசுக்கினால் நசியும் பதம் வந்த பிறகே மற்ற வேலை. பனங்கட்டியை இரண்டு லீற்றர் தண்ணீரில் கரைத்துத் துணியில் வடியுங்கள். கருப்பநீர் (பதநீர்) இறக்கும் முட்டிக்குச் சுண்ணாம்பு பூசுவார்கள், அதன் வண்டலும் மணலும் கட்டியில் இருக்கும். வடிக்காமல் போட்டால் கடைசி வாயில் நறநறக்கும்.

உங்கள் கூழ் கட்டிபட்டதற்கு உலர்ந்த மாவைக் கொதிதண்ணீரில் தூவியதே காரணமாக இருக்க வேண்டும். மாவின் வெளிப்புறம் உடனே வெந்து ஒட்டிக்கொள்ளும், உள்ளே பச்சை மா அடைபட்டுப்போகும். நாலு லீற்றர் பச்சைத் தண்ணீரில் மாவைக் கரைத்து அரிதட்டால் வடித்து வைத்திருங்கள். இரண்டாம் மூன்றாம் பாலும் தண்ணீருமாகப் பத்து லீற்றர் கொதித்ததும் விறகை இழுத்து நெருப்பைத் தணித்து, கரைசலை மீண்டும் ஒருமுறை கலக்கி (மா அடியில் தங்கியிருக்கும்), ஒருவர் மெல்ல ஊற்ற மற்றவர் துழாவ வேண்டும். துழாவுபவர் கைமாறும்போதுதான் அடிபிடிக்கும். இரண்டு பேரை முன்கூட்டியே நியமித்து, அடுத்தவர் அகப்பையைப் பிடித்த பிறகே முதலாமவர் விடட்டும். சுற்றிச்சுற்றி மட்டும் துழாவினால் நடுவில் பிடிக்கும், குறுக்கும் நெடுக்குமாக அடியைச் சுரண்டியபடி துழாவ வேண்டும்.

மா வெந்து மினுங்கி வந்ததும் பயறு, தேங்காய்ச்சொட்டு, பனங்கட்டிப் பாணி. இன்னொரு கொதி வந்தால் போதும். தலைப்பாலை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு விடுங்கள், கொதிக்கக் கொதிக்க விட்டால் திரைந்துவிடும். மிளகும் சீரகமும் கடைசியில். கூழ் ஆற ஆறத் தடிக்கும் என்பதால் இறக்கும்போது கொஞ்சம் தண்ணியாகவே தெரிய வேண்டும், பக்கத்தில் இரண்டு லீற்றர் கொதிதண்ணீர் இருக்கட்டும். அப்படியும் அடிபிடித்த மணம் வந்தால் ஒரு கணமும் சுரண்டாதீர்கள். மேற்கூழை வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் பெரும்பகுதி தப்பும்.

அடுத்தது சோளகக் காற்று. ஆடிமாதத்தில் யாழ்ப்பாணத்தில் மழைக்குப் பயப்படத் தேவையில்லை, காற்றுக்குத்தான் பயப்பட வேண்டும். அது தென்மேற்கிலிருந்து அடிக்கும், ஆகவே அடுப்பு பந்தலுக்கு வடகிழக்கே இருக்கட்டும். மாறி வைத்தால் பனைமட்டைப் பொறி நேரே கிடுகில் போய் விழும். அடுப்புக்குக் காற்றுமறைப்புத் தகரமாகவே இருக்க வேண்டும், கிடுகும் தறப்பாளும் கூடாது. பனைமட்டை மூட்டுவதற்கு நல்லது, ஆனால் மளமளவென்று எரிந்து அடங்கிவிடும். காய்ச்சுவதற்குத் தடித்த விறகு வேண்டும். பந்தலுக்குத் தறப்பாள் கட்டுவதானால் பக்கங்களை மூடாதீர்கள், மூடினால் பாய்மரம்போலக் காற்றைப் பிடித்துப் பந்தல் கம்பத்தையே பிடுங்கிவிடும். வளவில் மாமரமோ வேம்போ நின்றால் பந்தலே வேண்டாம்.

வெயில்நேரத்தை வேலைநேரமாக்குங்கள். மூன்று மணிக்கு நிழலில் பாய் விரித்து கொழுக்கட்டை பிடிக்கத் தொடங்கலாம். மாவைக் கொதிதண்ணீர் விட்டுக் குழையுங்கள், ஆறிய தண்ணீர் விட்டால் ஓரம் வெடிக்கும். குழைத்த மாவை ஈரத்துணியால் மூடியே வைக்க வேண்டும், சோளகக் காற்று பத்து நிமிடத்தில் மேற்புறத்தைக் காயவைத்துவிடும். உள்ளீடு பயறும் தேங்காய்ப்பூவும் பனங்கட்டியும்தான். பாணி கசிகிற பதத்தில் இருந்தால் அவியும்போது பிளந்து ஒழுகும், ஆகவே வற்றக் கிளறி ஆறவிடுங்கள். ஒரு கிலோ மாவில் 50 வரை பிடிக்கலாம். ஓரத்தில் பல்லு வைக்கச் சின்னப்பிள்ளைகளுக்கும் இடம் கொடுங்கள், வடிவு கோணினாலும் ருசி மாறாது.

இன்னொரு பாயில் பிளா, அதாவது கூழ் குடிக்கும் பனையோலைக் கிண்ணம், கோலட்டும். ஓலை பச்சையாக இருக்க வேண்டும், காய்ந்தது மடிப்பில் வெடித்துக் கூழ் ஒழுகும். அன்று காலையிலேயே வெட்டி நிழலில் வைத்திருங்கள். கோலத் தெரிந்த ஆச்சிமாரும் அப்புமாரும் எல்லா ஊரிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கதிரையில் இருத்திப் பொன்னாடை போர்த்துவதைவிட, அவர்களைச் சுற்றிப் பத்துப் பிள்ளைகளை இருத்துவது பெரிய மரியாதை என்பது என் உறுதியான எண்ணம்.

நாலே முக்காலுக்கு மேல் விளையாட்டு. பொழுது பட ஆறரை ஆகும், தாராளமாக நேரம் இருக்கிறது. கிளித்தட்டை முதலில் வையுங்கள். கோட்டில் காவல் நிற்பவர் தொடாமல் பெட்டிகளைத் தாண்டி ஓடுவது, ஆணும் பெண்ணும் சின்னவரும் பெரியவரும் இறங்கக்கூடிய விளையாட்டு அது. சுண்ணாம்புத்தூளால் கோடு போட்டால் காற்று அள்ளிப்போகும். முந்தின நாள் பின்னேரம் நிலத்துக்குத் தண்ணீர் தெளித்து, நெருஞ்சி முள்ளை ஒன்றுவிடாமல் பொறுக்கி, சுண்ணாம்பைக் கரைத்துக் கோடு போடுங்கள். பெட்டிக்குப் பத்தடி அகலம் போதும். அதைவிடக் குறைந்தால் காவல் நிற்பவரைத் தாண்டவே முடியாது, கூடினால் அவர் பாடு திண்டாட்டம்.

கயிறிழுத்தலில் கவனம் வேண்டும். கரையோர ஊர்களில் சுலபமாகக் கிடைப்பது நைலோன் கயிறு, அதைத் தொடவேண்டாம். அது இழுபடும், அறுந்தால் சுண்டி அடிக்கும், உள்ளங்கையையும் உரித்துவிடும். அணிக்கு எட்டுப் பேர் என்றால் 10 முதல் 12.5 சென்ரிமீற்றர் சுற்றளவும் 33.5 மீற்றருக்குக் குறையாத நீளமும் கொண்ட கயிறு போட்டி விதி. ஒருவரும் கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றக்கூடாது. நடுவர் இதை ஒவ்வொரு இழுப்புக்கும் முன் பார்க்க வேண்டும். முட்டி உடைத்தலுக்குப் பதினைந்தடி ஆரத்தில் கயிறு கட்டிச் சனத்தை வெளியே நிறுத்தினால் போதும்.

குடிதண்ணீர் ஆளுக்கு ஒரு லீற்றர் என்று கணக்கிடுங்கள், கைகழுவுவதற்கு வேறாக. ஆடியில் சில கிணறுகள் உவர்த்துவிடும், அன்று காலை குடித்துப் பார்த்தே நிரப்புங்கள். மோருக்கு ஒரு லீற்றர் தயிருக்கு நாலு லீற்றர் தண்ணீர், சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, உப்பு, கொஞ்சம் தேசிக்காய்ப்புளி.

மேடை வேண்டாம் என்றே சொல்வேன். மேடை வந்தால் கதிரை வரிசை வரும், வரிசை வந்தால் சனம் பார்க்க வந்தவர்களாகிவிடும், உரைகள் முடிய ஆறு மணியாகும். வந்து நிற்கும் உறவினரை அகப்பை பிடிக்கக் கூப்பிடுங்கள், மகிழ்ந்து வருவார். அவர் பணம் தர விரும்பினால் தேங்காயாகவோ பனங்கட்டியாகவோ கேளுங்கள். காசாக வந்தால் அடுத்த கிழமையே வரவு செலவை வாசிகசாலைப் பலகையில் ஒட்டிவிடுங்கள். ஒலிபெருக்கி கட்டுவதானால் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும். 150 பேருக்குக் கூப்பிட்ட குரல் கேட்கும், அது இல்லாமலே நடத்தலாம்.

தேங்காய்ப்பால் விட்ட கூழ் இந்த வெக்கையில் கெதியாகப் புளிக்கும். நாலு மணித்தியாலத்துக்கு மேல் வைக்காதீர்கள், மிஞ்சுவதை ஏழு மணிக்குள் வரமுடியாத வயதானவர்களின் வீடுகளுக்குக் கொடுத்தனுப்புங்கள். அதற்கு மூடியுள்ள வாளி நாலைந்தும் சைக்கிளோடு இரண்டு பெடியளும் இப்போதே ஒழுங்கு செய்துவையுங்கள். பனங்கட்டியையும் இந்தக் கிழமையே வாங்கிவிடுங்கள். ஆடிப்பிறப்பு நெருங்கினால் விலை ஏறும், சீனி கலந்த கட்டியும் கடைக்கு வரும்.