"ப்ராஜெக்டில் உங்க பங்கு என்ன?" என்ற கேள்விக்கு

ப்ராஜெக்டை மாற்ற வேண்டாம். நாலு பேர் சேர்ந்து ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்ன கன்ட்ரோலர் போர்டு) வைத்துச் செய்த சொட்டுநீர்ப் பாசன ப்ராஜெக்டில் உங்கள் பங்கைக் கேட்டதும் இன்டர்வியூவில் திணறினீர்கள் என்றால், மண் ஈரப்பத சென்சாரை மட்டும் இனி முழுப் பொறுப்பில் எடுங்கள்.

காரணம் பெரும்பாலும் இதுதான்: கிடைத்த புரோகிராம் ஓடியது, யாரும் எதையும் அளக்கவில்லை. திரையில் "ஈரம் 40%" என்று வருகிறதே, அது எதில் 40%?

1. ஒரே மண்ணை ஐந்து டப்பாவில் போட்டு, வெவ்வேறு அளவு தண்ணீர் கலந்து, ஓர் இரவு மூடி வைத்து சென்சார் ரீடிங் எடுங்கள்.

2. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மண்ணை எடை போட்டு, சிவில் துறை சாயில் லேப் ஓவனில் 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் காயவைத்து, மறுபடி எடை போடுங்கள். குறைந்துபோன எடையைக் காய்ந்த மண்ணின் எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் உண்மையான ஈரப்பதம்.

3. இரண்டையும் கிராஃப் போடுங்கள். கோடு நேராக வராவிட்டால் பயப்படாதீர்கள், ஏன் வளைகிறது என்பதுதான் நீங்கள் பேச வேண்டிய விஷயம்.

வைஃபை ஆன் ஆனதும் ரீடிங் கெட்டால் சென்சாரை மாற்றாதீர்கள். சென்சாரின் வோல்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிசி பகுதி ஈஎஸ்பி32-இல் இரண்டு உண்டு; அதில் ஏடிசி2 பின்களை வைஃபை பிடித்துக்கொள்ளும். 32 முதல் 35 வரையுள்ள பின் ஒன்றுக்கு மாற்றுங்கள், அவை ஏடிசி1. இந்த மாதிரி ஒரு கோளாறைக் கண்டுபிடித்த விதத்தைச் சொன்னாலே கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஒன்று கவனம்: செம்மண்ணில் எடுத்த அளவு கரிசலுக்குப் பொருந்தாது, அதை நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். ப்ராஜெக்டுக்கான ஆப்பை உருவாக்கியது நண்பர் என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள்.