பாதியில் நிற்கும் கை

அன்புள்ள அண்ணாச்சி,

ஜிம்மில் 12 கிலோ டம்பெல்லை மடக்கித் தூக்கினால் பாதி வழியில் கை நின்றுவிடுகிறது. அந்த இடத்தைத் தாண்டினால் தானாக ஏறுகிறது. பொங்கலுக்கு எங்கள் ஊரில் இளவட்டக்கல் தூக்குவோம். கல் மடி வரை வந்தது. அதோடு எழுந்திருக்க முடியவில்லை. எனக்குப் பலம் காணாதா?

ஒரு வாசகர், வள்ளியூர்

அன்புள்ள தம்பி,

பலம் காணும். இரண்டு இடத்திலும் உங்களை மறிப்பது, மூட்டிலிருந்து எடை எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதுதான்.

முழங்கையிலிருந்து டம்பெல் 35 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முன்கை தரைக்கு இணையாக வரும்போது அந்தத் தூரம் முழுசும் சுமைக்குச் சாதகம். மேல்கையின் முன்பக்கத் தசையான பைசெப்ஸ் இழுப்பதோ மூட்டிலிருந்து நாலைந்து செ.மீ. தள்ளி. 12 கிலோவுக்கு, மடக்கும் தசைகள் சேர்ந்து ஏறக்குறைய 100 கிலோ இழுவை கொடுத்தாக வேண்டும். தொங்கும் கை 30 டிகிரி மட்டும் மடங்கியிருந்தால் தூரம் பதினேழரை செ.மீ.தான், சுமையும் பாதி. 90 டிகிரிப் பக்கம் தசைக்கும் நல்ல பிடிமானம் உண்டு. ஆனாலும் சுமையின் தூரம் அதை மிஞ்சிவிடுகிறது.

அங்கே எல்லோரும் இடுப்பை ஆட்டி வீசுகிறார்கள். வீசினால் கஷ்டமான கோணத்தில் தசைக்கு வேலையே இல்லை, பிறகு அது எப்படித் தேறும்? சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, 8 கிலோவுக்கு இறங்குங்கள். 90 டிகிரியில் 3 விநாடி நிறுத்தி மேலே போகவும். 6 தடவை, 3 சுற்று. நிறுத்திப் பிடிப்பதன் பலன் பெரும்பாலும் அந்தக் கோணத்தையும் அதன் அக்கம்பக்கத்தையும்தான் சேரும். அதனால் வேறெங்கோ நிறுத்திப் பிரயோஜனமில்லை.

கல்லுக்கு வருவோம். தொடை தரைமட்டமாக இருக்கும்போது இடுப்புக்கும் முழங்காலுக்கும் சுமையின் தூரம் மிக அதிகம். கல்லை முழங்கால் பக்கம் வைத்துக்கொண்டு எழ முயன்றால் மாட்டிக்கொள்வீர்கள். 60 கிலோ கல் இடுப்பிலிருந்து 40 செ.மீ. முன்னால் இருப்பதற்கும் 20 செ.மீ.யில் இருப்பதற்கும் இடுப்பில் அந்தக் கல்லின் பாரம் இரண்டு மடங்கு வித்தியாசம். ஆகவே மடியில் ஏறியதும் எழாதீர்கள். முதலில் கல்லை வயிற்றோடு உருட்டி, கையைக் கோத்து நெஞ்சில் அணைத்துவிட்டு எழுங்கள். இதற்கு 25 கிலோ அரிசி மூட்டை போதும். நெஞ்சில் அணைத்து, முழங்கால் உயர பெஞ்சில் உட்காரப் போவதுபோல் இறங்கி, அதில் படாமல் சற்று மேலே 3 விநாடி நின்று எழவும், 5 தடவை.

ஒன்றை மட்டும் தயவுசெய்து கவனியுங்கள். தரையிலிருந்து கல்லைக் கிளப்பும்போது கையை மடக்கி இழுக்க வேண்டாம். கை நீண்டு கொக்கி மாதிரி இருக்கட்டும், கால் தூக்கட்டும். மடங்கிய கையைப் பாரம் வெடுக்கென்று விரிக்கும்போதுதான் பைசெப்ஸ் தசைநார் முழங்கைப் பக்கம் அறுகிறது. அறுந்தால் பெரும்பாலும் ஆபரேஷன்தான்.